புளியந்தோப்பு: ஒரு பகல், ஓர் இரவு

விடிய இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது. ஆட்டுத்தொட்டி வாசலில் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. ஆந்திராவிலிருந்தும் ராஜஸ்தானிலிருந்தும் நெடுந்தூரம் ஓடி வந்த லாரிகள். பின்கதவைத் திறந்ததும் ஆடுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு இறங்குகின்றன. ரப்பர் பூட்ஸ் மாட்டிய ஆட்கள் பீடியை அணைத்துவிட்டு உள்ளே போகிறார்கள். கத்திகளைத் துணியில் சுற்றி இடுப்பில் செருகியிருக்கிறார்கள். அப்பாவும் தாத்தாவும் செய்த வேலையை அதே இடத்தில் செய்கிறவர்கள் இவர்களில் பலர். நூறு வருடத்துக்கும் மேலாக மாநகராட்சியின் இறைச்சிக்கூடம் இங்கேதான் இருக்கிறது.

வெளியே சுவரோரத்தில் ஒரு அக்கா தலையும் காலும் வாங்கி அடுக்கிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் விறகு எரிகிறது. ஆட்டுக்கால்களை ஒவ்வொன்றாக நெருப்பில் காட்டுகிறார். மயிர் பொசுங்கும் வாடை தெருமுனை வரைக்கும் போகிறது. குளம்பைத் திருகிக் கழற்றுகிறார். கத்தியின் முதுகால் கரியைச் சுரண்டுகிறார். தண்ணீரில் அலசி, மஞ்சள் தடவி, நாலு நாலாகக் கட்டி வைக்கிறார். ஒரு கட்டு முடிவதற்குள் அடுத்த கால் கைக்கு வந்துவிடுகிறது. பேச்சே இல்லை. ஆறு மணிக்குள் இதெல்லாம் கடைகளுக்குப் போய்ச் சேர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் கீழ்ப்பாக்கத்து வீடுகளில் மணக்கும் குழம்பும், இரவில் ஓட்டல் மேசைக்கு வரும் பாயாவும் இந்தக் கைகளிலிருந்து புறப்படுகின்றன.

மீன்பாடி வண்டிகளும் டிவிஎஸ் எக்ஸ்எல்களும் கறி மூட்டைகளுடன் கிளம்புகின்றன. நகரத்தின் மற்ற பகுதிகள் புரண்டு படுக்கும் நேரத்தில் புளியந்தோப்பு பாதி நாள் வேலையை முடித்திருக்கிறது.

சென்னைக்கு வெளியே இருப்பவர்களுக்கும் இந்தப் பெயர் தெரியும். செய்தித்தாளின் உள்பக்கத்தில், டிவி சேனலின் அடியில் ஓடும் வரியில், 'ரவுடி' என்ற சொல்லுக்கு முன்னால் வந்து நிற்கும் பெயர் அது. வட சென்னை என்றாலே சினிமாவில் ஒரு நிறம், ஒரு பாஷை, ஒரு கத்தி. அந்தப் பெயரை மறந்துவிட்டு, ஒரு டீக்கடைப் பலகையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து, கண்ணுக்கு முன்னால் நடப்பதை மட்டும் பார்த்தால் தெரிவது வேறு.

*

ஐந்து மணி. தெருமுனை சின்டெக்ஸ் டேங்கைச் சுற்றிக் குடங்கள். ஆள் இல்லாத குடங்களும் வரிசையில் இருக்கின்றன. வீட்டில் குழந்தையை எழுப்பப் போனவளின் குடம், வேலைக்குப் போகச் சேலை மாற்றப் போனவளின் குடம். அவற்றை யாரும் தள்ளி வைக்கவில்லை. முறை வந்ததும் பக்கத்தில் நிற்கிறவர் அந்தக் குடத்தையும் பிடித்து ஓரமாக வைத்துவிட்டுத் தன் குடத்தை எடுத்துக்கொண்டு போகிறார்.

"இன்னாக்கா, இன்னிக்கு லேட்டு?"

"புள்ளைக்கு ஜொரம்மா. ராத்திரி பூரா தூங்கவே வுடல."

"டாக்டருகிட்ட இட்னு போனியா?"

"எங்க... வேலைக்குப் போய்ட்டு வந்துதான்."

"சாவிய குடுத்துட்டுப் போ. நான் பாத்துக்கறேன்."

சாவி கை மாறுகிறது. நன்றி என்று யாரும் சொல்லவில்லை. நாளைக்கு இவளுடைய சாவி அவளிடம் போகும்.

ஐந்தரைக்குப் பேருந்து நிறுத்தம் நிரம்பிவிடுகிறது. வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், மருத்துவமனையில் துடைத்துக் கூட்டுகிறவர்கள், கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறவர்கள். கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை தூக்கிவிட்டு இரவு வேலை முடிந்து திரும்புகிறவர்கள் எதிர்ப்பக்கம் இறங்குகிறார்கள். பச்சை, ஆரஞ்சு மேல்சட்டை போட்ட தூய்மைப் பணியாளர்கள் கையில் துடைப்பத்துடன் நடக்கிறார்கள். பட்டாளம், ஓட்டேரி, புளியந்தோப்பு எல்லாம் மாநகராட்சியின் ஆறாவது மண்டலத்தில் வருகின்றன. அந்த மண்டலத்துக்கு திரு.வி.க. நகர் என்று பெயர். அந்தப் பெயருக்கும் இந்தத் தெருவுக்கும் இருக்கும் உறவு பெரியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

டீக்கடையில் ஒரு பையன். இஸ்திரி போட்ட சட்டை, காலில் பளபளக்கும் ஷூ. போன் அடித்ததும் எழுந்து கடைக்கு வெளியே போகிறான்.

"எஸ் சார்... பி.காம் சார்... ஏரியாவா சார்? பெரம்பூர் சார். பேரக்ஸ் ரோடு பக்கம்."

திரும்பி வந்து உட்கார்கிறான். மாஸ்டர் டீயை நீட்டிக்கொண்டே அவனைப் பார்க்கிறார்.

"புளியந்தோப்புன்னு சொன்னா அடுத்த கேள்வியே வராதுண்ணா," என்கிறான் பையன். குரலில் கோபம் இல்லை. மழை வந்தால் குடை எடுப்பது மாதிரி அதை ஒரு பழக்கமாக்கி வைத்திருக்கிறான். அதுதான் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது.

இந்த ஊர்க்காரர்கள் வெளியே போனால் பெரம்பூர் என்கிறார்கள், புரசைவாக்கம் பக்கம் என்கிறார்கள், 'சென்ட்ரல்கிட்ட' என்கிறார்கள். கடன் கேட்டுப் போனால் 'நெகட்டிவ் ஏரியா' என்று காதுபடச் சொல்லி அனுப்பியதாகப் பலரும் சொல்கிறார்கள். வாடகைக்கு வீடு பார்க்கும்போது பழைய முகவரியைச் சொன்னதும் வீட்டுக்காரரின் முகம் மாறுவதை இங்கே பிறந்த எல்லோரும் ஒரு தடவையாவது பார்த்திருக்கிறார்கள். சென்னை 600012 என்று முடியும் முகவரியைச் சொல்வதற்கு முன்னால் ஒரு கணம் யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த ஒரு கணத்தை இவர்கள் வாழ்நாள் முழுக்கச் சுமக்கிறார்கள்.

*

ஒன்பது மணி வெயிலில், பழைய மில் சுவரோரம் நடந்தால் செங்கல் இன்னும் சிவப்பாகத் தெரிகிறது. பக்கிங்ஹாம் மில் 1870களில் வந்தது. கர்நாடிக் மில் 1880களின் தொடக்கத்தில். பின்னி கம்பெனியின் இந்த இரண்டு ஆலைகளும் 1920இல் இணைந்தன. ஊர் அதை பி அண்ட் சி மில் என்றது. இங்கே நெய்த காக்கித் துணியைப் போட்டுக்கொண்டு சிப்பாய்கள் உலகப் போருக்குப் போனார்கள். சங்கு ஊதினால் ஆயிரக்கணக்கான கால்கள் இந்த வீதிகளில் இறங்கும். எத்தனை மணிக்கு உலை வைப்பது, எத்தனை மணிக்குப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது என்பதெல்லாம் அந்தச் சங்கின் கணக்கு.

உள்ளே வேலை எளிதாக இருக்கவில்லை. நீண்ட வேலை நாள், சோற்றை விழுங்கக்கூடப் போதாத இடைவேளை, வெள்ளை அதிகாரிகளின் ஏச்சும் அடியும். மில்லுக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரிடம் தொழிலாளர்கள் இதைச் சொல்லி அழுதார்கள். அவரும் ராமானுஜலு நாயுடுவும் கூட்டம் கூட்டினார்கள். திரு.வி.கலியாணசுந்தரனார் வந்து பேசினார். ஹோம் ரூல் இயக்கத்தைச் சேர்ந்த பி.பி.வாடியா வந்தார். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் அதுதான். ஆறாவது மண்டலத்துக்குப் பெயராக நிற்கும் திரு.வி.க. இந்தத் தெருக்களில் நடந்து, இங்கிருந்த நெசவாளிகளுக்குத் தமிழில் உரிமை பேசியவர்.

மூன்றே வருடத்தில் அந்த ஒற்றுமை உடைந்தது. 1921 ஜூனில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில், பட்டினி தாங்காமலும் நிர்வாகத்தின் தூண்டுதலாலும் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள். சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் வெளியே நின்றார்கள். சண்டை தெருவுக்கு வந்தது. புளியந்தோப்பில் ஆதிதிராவிடர்களின் குடிசைகள் எரிந்தன. பல மாதம் கலவரமும் துப்பாக்கிச் சூடும் நடந்து உயிர்கள் போயின. கடைசியில் தொழிலாளர்கள் தோற்றார்கள். அரசாங்கக் காகிதங்களில் அது 'புளியந்தோப்புக் கலவரம்' என்று பதிவாயிற்று.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கலவரத்துக்குக் காரணம் ஆலைக்குள் இருந்தது, சாதிக்குள் இருந்தது, பசியில் இருந்தது. எரிந்தது இவர்களுடைய குடிசை. கலவரத்துக்கு வைத்த பெயரும் இவர்களுடைய ஊரின் பெயர். நூறு வருடத்துக்கு முன்னால் ஆரம்பித்த கணக்கு இது. அடிபட்டவனின் முகவரியைக் குற்றத்தின் தலைப்பாக எழுதுவதை அன்று காகிதம் செய்தது, இன்று டிவி செய்கிறது.

மில் 1996இல் மூடப்பட்டது. சுவரோரம் பீடி பற்றவைத்துக்கொண்டு நிற்கும் பெரியவர் ஒருவர் பக்கத்துக்காரரிடம் சொல்கிறார்: "எங்கப்பா வீவிங்கு. நானும் வீவிங்கு. எம்புள்ளைக்கும் சீட்டு கெடைக்கும்னுதான் இருந்தேன்பா. ஒரு நாளு கேட்ட மூடிட்டான்."

மகனுக்கு என்ன வேலை கிடைத்தது என்பதை அவர் சொல்லவில்லை. தெருவைப் பார்த்தாலே தெரிகிறது. ஆட்டோ ஓட்டுகிறார்கள், பெயின்ட் அடிக்கிறார்கள், பந்தல் போடுகிறார்கள், செயலியில் வரும் சோற்றுப் பொட்டலத்தை இரு சக்கர வண்டியில் கொண்டு போகிறார்கள். மாதச் சம்பளம், பி.எஃப்., போனஸ், சங்கம் என்று இருந்த ஒரு வாழ்க்கை ஒரே தலைமுறையில் தினக்கூலியாகச் சுருங்கியது. வேலை இல்லாத பையன்கள் தெருமுனையில் நிற்க ஆரம்பித்ததும் அந்தக் காலத்துக்குப் பிறகுதான். தெருமுனையில் நிற்கும் பையன்களைத் தேடி யார் யாரோ வந்தார்கள். கட்சிக்காரன் வந்தான், கட்டப்பஞ்சாயத்துக்காரன் வந்தான், சரக்கு விற்கிறவன் வந்தான். வேலை கொடுக்கிறவன் மட்டும் வரவில்லை.

காலியாகக் கிடந்த மில் கூடங்களில் சினிமா படப்பிடிப்புகள் நடந்தன. எத்தனையோ படங்களின் சண்டைக் காட்சிகளுக்கு அந்தச் செங்கல் சுவரும் உயர்ந்த கூரையும் பின்னணி. நெசவாளிகள் நின்ற இடத்தில் ஸ்டன்ட் கலைஞர்கள் அடியாட்களாக நின்றார்கள். ஊர் உலகம் அதைப் பார்த்து இந்தப் பகுதி அப்படித்தான் என்று நம்பிக்கொண்டது. இப்போது அந்த நிலத்தில் வானளாவிய அடுக்குமாடிகள் எழுந்திருக்கின்றன. விற்பனை விளம்பரங்களில் அந்த இடத்துக்குப் பெயர் பெரம்பூர்.

*

மதியம். கே.பி.பார்க் குடியிருப்பு. பழைய ஹவுசிங் போர்டு வீடுகளை இடித்துவிட்டு ஒன்பது மாடி வைத்துக் கட்டினார்கள். 2021இல், குடி வந்த சூட்டோடு, சுவர்ப்பூச்சு கையால் தொட்டாலே உதிர்ந்தது. ஐஐடி நிபுணர்கள் வந்து சோதித்தார்கள். நாடே பார்த்தது. அந்த வீடுகளுக்குள் நடந்த வாழ்க்கையை மட்டும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

ஒவ்வொரு தளத்திலும் நீளமான நடை. இரண்டு பக்கமும் கதவுகள். கதவுகள் சாத்தியிருப்பது அபூர்வம். ஒரு வாசலில் பூ கட்டுகிறார்கள், அடுத்த வாசலில் வத்தலுக்கு மிளகாய் கிள்ளுகிறார்கள், அதற்கடுத்த வாசலில் ஒரு ஆயா கால் நீட்டி உட்கார்ந்து நடக்கிறவர்களையெல்லாம் விசாரிக்கிறார்.

"டேய், எங்கடா போற வெயில்ல? சாப்ட்டியா?"

"சாப்ட்டேன் ஆயா."

"பொய் சொல்லாத. உங்கம்மா காலைல போனவ இன்னும் வரல. உள்ள வா."

பையன் உள்ளே போகிறான். தட்டு வைக்கும் சத்தம் கேட்கிறது.

கீழே மாடிப்படிக்கு அடியில் ஒரு கேரம் பலகை. மேலே ஒற்றை பல்பு. நாலு பேர் ஆடுகிறார்கள், பதினைந்து பேர் பார்க்கிறார்கள். ஸ்ட்ரைக்கரை வைத்துவிட்டு ஒரு சிறுமி குனிகிறாள். பலகையின் விளிம்புக்கு நேராக ஒரு கண். சுண்டுகிறாள். வெள்ளைக் காய் எதிர் விளிம்பில் பட்டுத் திரும்பி அவள் பக்கத்துக் குழியிலேயே விழுகிறது. யாரும் கை தட்டவில்லை. அடுத்த காய்க்கு அவள் என்ன செய்யப்போகிறாள் என்று எல்லோரும் இன்னும் கிட்டே வருகிறார்கள். திறமையை மதிக்கத் தெரிந்த கூட்டம் அப்படித்தான் பார்க்கும்.

வட சென்னையில் கேரம் பொழுதுபோக்கு என்ற நிலையைத் தாண்டி எப்போதோ போய்விட்டது. 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா, இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரில் வளர்ந்தவர். ஆட்டோ ஓட்டுநரின் மகள். வியாசர்பாடிக்குப் போனால் இதே ஆர்வம் கால்பந்தில் இருக்கிறது. இடம் இல்லாத ஊர் இது. ஒரு கேரம் பலகையையும் ஒரு மண் திடலையும் வைத்துக்கொண்டு உலகத்துக்குப் போகிற வழியை இவர்களே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

*

மாலை ஐந்துக்கு மேல் தெரு நிறம் மாறுகிறது. தள்ளுவண்டிகள் வந்து நிற்கின்றன. பீஃப் பக்கோடா எண்ணெயில் விழும் சத்தம். ஆட்டுக்கால் சூப் அண்டாவைச் சுற்றிக் கண்ணாடித் தம்ளர்கள். அத்தோ வண்டியில் கையாலேயே நூடுல்ஸைப் பிசைந்து, வறுத்த வெங்காயமும் புளித்தண்ணியும் விட்டுக் கொடுக்கிறார் ஒருவர். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் வட சென்னைக்குக் கொடுத்த தின்பண்டம் அது. மாட்டுக்கறி தின்கிறவனைக் குறைத்துப் பார்க்கும் ஊர்களில் சட்டிக்குத் திரை போடுவார்கள். இங்கே சட்டி நடு வீதியில் இருக்கிறது. பக்கத்தில் பள்ளிவாசல், எதிரே அம்மன் கோயில், தெருக்கோடியில் சிலுவை. மூன்றிலிருந்தும் வருகிறவர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தின்கிறார்கள்.

சந்துக்குள் ஒரு கூடம். தகரக் கூரை. நடுவில் மணல் மூட்டை தொங்குகிறது. கைகளுக்குத் துணி சுற்றிக்கொண்டு பையன்கள் வரிசையில் நிற்கிறார்கள். கடைசியில் இரண்டு பெண் பிள்ளைகளும். குத்துச்சண்டை இந்தப் பகுதிக்கு வெள்ளைக்காரச் சிப்பாய்களும் மாலுமிகளும் விட்டுப்போனது என்பார்கள். இவர்கள் அதை எடுத்துத் தங்கள் மரபாக்கிக்கொண்டார்கள். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று குருகுலமாகப் பிரிந்து, மில் தொழிலாளியும் துறைமுகத் தொழிலாளியும் மேடை ஏறினார்கள். 1980இல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் கண்காட்சிப் பந்தயம் ஆடியபோது அந்த ஸ்டேடியம் இங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தது. 2021இல் வந்த 'சார்பட்டா பரம்பரை' படத்துக்குப் பிறகு வெளியுலகம் இதைத் தெரிந்துகொண்டது. கூடங்கள் அதற்கு முன்னாலும் இருந்தன, இப்போதும் இருக்கின்றன.

வாத்தியாருக்கு அறுபது வயதிருக்கும். குரலை உயர்த்தவே இல்லை. ஒரு பையனின் முழங்கையை மட்டும் விரலால் தொட்டு இரண்டு அங்குலம் உள்ளே தள்ளுகிறார். பையன் மறுபடி குத்துகிறான். மூட்டை ஆடும் விதமே மாறிவிடுகிறது. புதிதாகச் சேர வந்த ஒருவனிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "ரோட்ல எவன் மேலயாவது கை வச்சன்னு காதுல வுழுந்துச்சு, இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது. புரிதா?"

பையன் தலையாட்டுகிறான். கோபத்துக்கு ஒரு இடம், ஒரு நேரம், ஒரு விதிமுறை என்று கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கூடம் இது. இங்கிருந்து விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேக்கும் போலீசுக்கும் போனவர்கள் உண்டு. 'சண்டைக்கார ஏரியா' என்று பெயர் வாங்கிய ஊரில் சண்டையைக் கட்டுப்படுத்தவும் தெரிந்த ஆட்கள் மாலைதோறும் சம்பளம் இல்லாமல் வேலை செய்கிறார்கள்.

*

ஏழரை மணிக்கு ஒரு வீட்டிலிருந்து அழுகைச் சத்தம். ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

அடுத்த ஒரு மணி நேரத்தில் நடப்பதைப் பார்த்தால்தான் இந்த ஊரின் குணம் புரியும். யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. இரண்டு பேர் ஃப்ரீசர் பாக்ஸுக்குப் போன் போடுகிறார்கள். பையன்கள் நாற்காலி கொண்டு வருகிறார்கள். ஷாமியானாவின் ஒரு நுனி மின்கம்பத்தில், மறு நுனி எதிர்வீட்டு ஜன்னல் கம்பியில். எதிர்வீட்டுக்காரரைக் கேட்கவில்லை, அவரே ஏணி பிடிக்கிறார். ஒரு பெண் குழந்தைகளையெல்லாம் கூட்டிக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டார். டீக்கடைக்காரர் கேனில் டீ அனுப்புகிறார், கணக்கு எழுதவில்லை. ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து ஒருவர் நோட்டுப் புத்தகத்துடன் வந்து ஓரமாக நிற்கிறார். ஐம்பது, நூறு, இருநூறு. கொடுப்பவரின் பெயர், தொகை, கையெழுத்து. கொடுக்க முடியாதவர்களும் வந்து நிற்கிறார்கள். அவர்கள் பக்கம் நோட்டை நீட்டவில்லை.

நோட்டு வைத்திருந்தவர் பிறகு பக்கத்தில் நின்றவரிடம் மெதுவாகச் சொல்கிறார்: "பெரிய பொண்ணு பன்னண்டாவது படிக்குது. ஃபீஸ் நம்ம ஸ்டாண்டு கட்டணும்பா."

"கட்டிடலாம்."

இரவு பத்துக்கு மேல் கானா ஆரம்பிக்கிறது. டோலக்கும் தாளமும். இறந்தவரின் பெயரைச் சொல்லி, அவர் ஓட்டிய வண்டியைச் சொல்லி, வாங்கித் தந்த டீயைச் சொல்லிப் பாடுகிறார்கள். பெண்கள் அழுகிறார்கள். இடையிடையே சிரிப்பும் வருகிறது. விடியும் வரை இந்த வீட்டில் ஒரு நிமிடம்கூட அவருடைய மனைவி தனியாக இருக்க மாட்டார். காலையில் ஓட்டேரி சுடுகாட்டுக்குத் தெருவே நடக்கும்.

வெளியாட்கள் இந்த மேளத்தையும் கூட்டத்தையும் பார்த்துவிட்டு 'அராஜகம்' என்பார்கள். ஆனால் ஒரு தொழிலாளியின் குடும்பம் மறுநாளே நடுத்தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இங்கே ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. மில்லில் சங்கம் இருந்த காலத்தில் கற்ற பாடம் அது. மில் போனது, சங்கு போனது. ஒருத்தனுக்கு ஒன்று என்றால் எல்லோரும் போய் நிற்க வேண்டும் என்பது மட்டும் தெருவில் தங்கிவிட்டது. 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் இந்த வீதிகளில் நாள்கணக்கில் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது முதலில் படகாக மாறியது இதே பையன்களின் தோள்தான்.

*

இருட்டையும் சொல்ல வேண்டும். அதை மறைத்தால் இந்த ஊருக்குச் செய்யும் துரோகம். இங்கே கத்தி உண்டு. கஞ்சா உண்டு. வலி மாத்திரையை ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. பழைய பகையைப் பரம்பரைச் சொத்தாக வைத்துக்கொண்டு அலைகிறவர்கள் உண்டு. இதையெல்லாம் நினைத்து எல்லோரையும்விட அதிகமாகப் பயப்படுகிறவர்கள் இந்த ஊர்த் தாய்மார்கள்தான். நள்ளிரவு நெருங்கும் நேரம், தெருமுனை விளக்குக் கம்பத்தடியில் ஒரு அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிற்கிறார். கையில் செல்போன். மகனுக்கு ரிங் போய்க்கொண்டே இருக்கிறது.

கொஞ்சம் தள்ளி போலீஸ் வண்டி. இரண்டு பையன்களை நிறுத்தியிருக்கிறார்கள்.

"எங்கடா போய்ட்டு வர்ற?"

"வேலைக்கு சார். கேட்டரிங்."

"எந்த ஏரியா?"

"இங்கதான் சார்."

பையைத் திறந்து பார்க்கிறார்கள். கறை படிந்த வெள்ளைச் சட்டை, டிபன் பாக்ஸ், மண்டபத்தில் மிஞ்சிய இரண்டு லட்டு. செல்போனில் முகத்தைப் படம் எடுத்துக்கொண்டு அனுப்புகிறார்கள். ஏதோ ஒரு பட்டியலில் அந்த முகம் இருக்கிறதா என்று பார்க்க அந்தப் படம் போகிறது. பதினெட்டு மணி நேரம் உழைத்துவிட்டு வந்த பிள்ளை தன் தெருவுக்குள் நுழைய முகத்தைச் சோதனைக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அம்மா ஓடிப் போய் தன் மகனின் கையைப் பிடித்துக்கொள்கிறார். திட்டவில்லை. "வா நைனா" என்று மட்டும் சொல்லிக் கூட்டிப் போகிறார்.

குற்றம் செய்கிறவர்கள் ஒரு தெருவில் ஐந்து பேர் இருக்கலாம். அந்தத் தெருவில் ஐந்நூறு பேர் காலை மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் எழுந்து வேலைக்குப் போகிறார்கள். பெயர் வாங்கித் தந்தவர்கள் ஐந்து பேர். அந்தப் பெயருக்கு அபராதம் கட்டுகிறவர்கள் ஐந்நூறு பேர்.

*

2025 ஆகஸ்ட் முதல் தேதி, ஐந்தாவது, ஆறாவது மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன்னால் உட்கார்ந்தார்கள். தங்கள் வேலையைத் தனியாரிடம் கொடுக்கக் கூடாது, வேலையை நிரந்தரமாக்க வேண்டும் என்பது கோரிக்கை. பெரும்பாலோர் பெண்கள். வெயிலிலும் மழையிலும் பதிமூன்று நாள் அங்கேயே இருந்தார்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. சாப்பாட்டு நேரம் கேட்டு மில் வாசலில் நின்ற தொழிலாளிக்கும், வேலை நிரந்தரம் கேட்டு மாநகராட்சி வாசலில் உட்கார்ந்த தொழிலாளிக்கும் நடுவில் 107 வருடம். கோரிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. போராடிய விதத்திலும் வித்தியாசம் இல்லை. ஒருத்திக்காக எல்லோரும் வந்திருந்தார்கள்.

புளியந்தோப்பின் கோபத்தையும் அதன் அன்பையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது. இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன: பக்கத்தில் இருப்பவனுக்கு நடப்பதைத் தனக்கு நடப்பதாக எடுத்துக்கொள்ளும் மனசிலிருந்து. வெளியுலகம் அதில் கோபத்தை மட்டும் எண்ணி ஒரு பெயர் வைத்துவிட்டது. அந்தப் பெயர் மாற வேண்டுமானால் சுவரில் வண்ணம் அடித்துப் பயனில்லை. ஓட்டேரி நல்லா கால்வாயில் தண்ணீர் தேங்காமல் ஓட வேண்டும். மாநகராட்சிப் பள்ளிகளில் போதுமான ஆசிரியர்கள் வேண்டும். மில் விட்டுப்போன இடத்தில் மாதச் சம்பள வேலை வர வேண்டும். விண்ணப்பத்தில் முகவரியைப் பார்த்ததும் நின்றுபோகும் அதிகாரியின் பேனா, அதைத் தாண்டிப் படிப்பையும் திறமையையும் வாசிக்க வேண்டும்.

அதுவரைக்கும் இங்கே பிறந்த பிள்ளைகளிடம் சொல்ல ஒன்று இருக்கிறது. எந்த ஏரியா என்று கேட்டால் பெரம்பூர் என்று சொல்லாதீர்கள். புளியந்தோப்பு என்றே சொல்லுங்கள். இந்த நாட்டில் தொழிலாளி முதன்முதலாகச் சங்கம் வைத்து நிமிர்ந்து நின்றது உங்கள் தெருக்களில்தான்.